மங்கலின் கணக்கைச் சொல்லாத தெளிவுப் படங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மங்கலான படங்களைக் கணினி கொண்டு தெளிவாக்குவது பற்றித் தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் சென்ற வாரம் வெளியான கட்டுரையைப் படித்தேன். இத்துறையைப் பற்றித் தமிழில் எழுதப்படுவதே அரிது என்பதால் மகிழ்ச்சியோடுதான் படிக்கத் தொடங்கினேன். ஆனால் கருவி ஏற்படுத்தும் மங்கலை இனிக் கணினி ஒரு நொடியில் நீக்கிவிடும் என்ற பொருளில் கட்டுரை முடிந்திருந்ததும், அதனுடன் அச்சான நுண்ணோக்கிப் படத்தில் என் கண்ணில் பட்ட ஒரு குறையும் இக்கடிதத்தை எழுதத் தூண்டின. நுண்ணோக்கிப் படங்களைக் கணக்கிட்டுச் சீர்செய்யும் வேலையில் பல ஆண்டுகளாக இருப்பவன் என்ற முறையில் நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். மங்கலை விரைவாகக் கணக்கிடுவதற்காக நாம் செய்துகொள்ளும் ஒவ்வொரு சுருக்கமும் (கணக்கை எளிதாக்கும் அனுமானமும்) தெளிவாக்கப்பட்ட படத்திலேயே தங்கிவிடுகிறது. அந்தச் சுருக்கம் எது என்று சொல்லாமல் தெளிந்த படத்தை மட்டும் வாசகர்முன் வைப்பது பாதிச் செய்திதான்.

எவ்வளவு நுட்பமாகச் செய்யப்பட்ட கருவியும் ஒரு புள்ளியைப் புள்ளியாகவே காட்டுவதில்லை. ஒளி அலையாக இருப்பதால், குறையே இல்லாத வட்ட லென்ஸும்கூட ஒரு புள்ளி ஒளியை நடுவே ஒரு வட்டத் திட்டாகவும், அதைச் சுற்றி மங்கிக்கொண்டே போகும் வளையங்களாகவும்தான் வரையும். இதன் கணக்கை ஆங்கில வானியலாளர் ஜார்ஜ் ஏரி 1835ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்தார். 2.4 மீட்டர் விட்டமுள்ள ஆடி கொண்ட ஹபிள் விண்வெளித் தொலைநோக்கிக்கே பச்சை ஒளியில் அந்த நடுத்திட்டின் ஆரம் ஏறத்தாழ 0.05 வில்நொடி (ஒரு பாகையின் 3,600இல் ஒரு பங்கே ஒரு வில்நொடி). இதன்மேல் லென்ஸின் குறைகள், குவியம் சற்று விலகியிருப்பது, கருவியின் அதிர்வு, சென்சாரின் ஒவ்வொரு பிக்சலும் தன் பரப்பில் விழும் ஒளி முழுவதையும் ஒரே எண்ணாகக் கூட்டிக்கொள்வது ஆகியவையும் சேர்ந்துகொள்கின்றன. இவையெல்லாம் கூடி ஒரு புள்ளியை எந்த வடிவத்தில் விரிக்கின்றனவோ அதைத்தான் இத்துறையில் புள்ளிப் பரவல் என்கிறோம். பொருளின் ஒவ்வொரு புள்ளியும் தனக்குரிய திட்டாக விரிந்து, அத்திட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து கூடுவதே நமக்குக் கிடைக்கும் படம்.

ஆகவே கருவியின் மங்கலை ஊகிக்க வேண்டியதில்லை, அளந்துவிடலாம். அளந்ததை வைத்துக் கணக்குப் போடுவதில்தான் சிக்கல் தொடங்குகிறது. 1 கோடி பிக்சல் கொண்ட ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம்; இன்றைய கேமராக்களுக்கு இது சிறிய படம். பொருளின் எந்தப் புள்ளியிலிருந்து படத்தின் எந்தப் பிக்சலுக்கு எவ்வளவு ஒளி போகிறது என்பதை முழு அட்டவணையாக எழுத 1 கோடி வரிசைகளும் 1 கோடி நிரல்களும் வேண்டும். ஓர் எண்ணுக்கு 4 பைட் என்று வைத்தாலும் 400 டெராபைட் ஆகிவிடும். எனவே அப்படி யாரும் எழுதிவைப்பதில்லை. படத்தின் எல்லா இடத்திலும் திட்டு ஒரே மாதிரிதான் இருக்கிறது என்று கொண்டால், அட்டவணைக்குப் பதிலாக ஒரே ஒரு திட்டு போதும். அத்திட்டு 64க்கு 64 பிக்சல் அளவு என்றால், ஒவ்வொரு பிக்சலுக்கும் 4,096 பெருக்கல்கள் வீதம் மொத்தம் 4,096 கோடிப் பெருக்கல்கள். இதையும் சுருக்குவது ஃபூரியர் உருமாற்றம். படத்தையும் திட்டையும் அலைகளாகப் பிரித்து, அலைக்கு அலை பெருக்கி, மீண்டும் படமாகக் கூட்டினால் அதே விடை கிடைக்கும். ஜேம்ஸ் கூலியும் ஜான் டூக்கியும் 1965இல் வெளியிட்ட விரைவு முறையில் இது சில நூறு கோடிச் செயல்களில் முடிந்துவிடுகிறது. திட்டு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் செலவு கூடுவதில்லை என்பது கூடுதல் வசதி. (இதே வழியைக் கணித மேதை காவுஸ் 1805ஆம் ஆண்டு வாக்கிலேயே தம் கையெழுத்துக் குறிப்புகளில் எழுதியிருந்தார் என்பது பின்னர்தான் தெரியவந்தது.)

ஒருமுறை கணக்கிடுவதற்கு ஏன் இவ்வளவு சிக்கனம் என்று வாசகர்கள் கேட்கலாம். ஒருமுறையோடு முடிவதில்லை என்பதே விடை. 1972இல் வில்லியம் ரிச்சர்ட்சனும் 1974இல் லியான் லூசியும் தனித்தனியே கண்ட, இன்றும் புழக்கத்தில் உள்ள முறை இப்படி நடக்கிறது: உண்மைப் பொருள் எப்படி இருக்கும் என்று ஒரு தொடக்க ஊகத்தை வைத்து, அதைக் கருவி எப்படி மங்கலாக்கியிருக்கும் என்று கணக்கிட்டு, கிடைத்த படத்தோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தைப் பொருளின் பக்கம் திருப்பிக் கொண்டுபோய் ஊகத்தைத் திருத்த வேண்டும், பிறகு மீண்டும் முதலிலிருந்து. ஒவ்வொரு சுற்றிலும் மங்கல் கணக்கு இரண்டு முறை நடக்கிறது. ஐம்பது, நூறு சுற்றுகள் ஓட்டுவது வழக்கம். நுண்ணோக்கியில் இது ஒரு படமாக இல்லாமல், ஆழம் ஆழமாக எடுத்த நூற்றுக்கணக்கான படங்களின் அடுக்காக இருக்கும். ஒரு சுற்று மெதுவாக நடந்தால், ஆய்வாளர் ஒரே ஒரு முறை ஓட்டிப் பார்த்து, வந்ததை ஏற்றுக்கொண்டு போய்விடுவார்; விரைவாக நடந்தால்தான் திட்டைச் சற்று மாற்றிப் பார்ப்பார், சுற்றுகளைக் குறைத்துப் பார்ப்பார், எந்த நுணுக்கம் நிலைத்து நிற்கிறது, எது ஆடுகிறது என்று சோதிப்பார். வேகத்துக்கு நான் மதிப்புக் கொடுப்பது இதற்காகவே.

ஆனால் ஃபூரியர் வழி இரண்டு அனுமானங்களைச் சத்தமில்லாமல் உள்ளே கொண்டுவந்துவிடுகிறது. முதலாவது, படத்தின் இடது விளிம்பும் வலது விளிம்பும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, மேலும் கீழும் அப்படியே என்பது. படத்தின் இடது ஓரத்தில் ஒரு பிரகாசமான புள்ளி இருந்தால், அதன் மங்கலின் ஒரு பகுதி வலது ஓரத்தில் போய் விழும். படத்தைச் சுற்றிப் போதிய வெற்றிடம் சேர்த்துக் கணக்கிட்டால் இது தீரும்; நினைவகத்தை மிச்சப்படுத்த அந்த வெற்றிடத்தை விட்டுவிடுபவர்கள் உண்டு. இரண்டாவது அனுமானம் இன்னும் பெரியது: திட்டு எல்லா இடத்திலும் ஒன்றே என்பது. இதில் நானே ஏமாந்த கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

புள்ளிப் பரவலை அளக்க நாங்கள் பயன்படுத்துவது 100 நானோமீட்டர் விட்டமுள்ள ஒளிரும் மணிகள். நுண்ணோக்கியால் பிரித்தறியக் கூடிய அளவைவிடச் சிறியவை என்பதால் அவை புள்ளிகளாகவே கொள்ளப்படும். மிகவும் நீர்த்த கரைசலில் ஒரு துளியைக் கண்ணாடி வில்லையில் (ஸ்லைடில்) உலரவிட்டு, குவியத்தை நுண்ணிய படிகளாக மேலிருந்து கீழே நகர்த்திக்கொண்டே படமெடுப்போம். குவியத்தில் ஒரு சிறு பொட்டு. சற்று மேலே போனால் அது விரிந்து கூர்மையான வளையங்களாகும். அதே அளவு கீழே போனால் வளையங்கள் இல்லாமல் வெறும் புகையாகக் கரைந்துவிடும். மேலும் கீழும் ஒத்திருக்க வேண்டியவை ஒத்திராததைப் பார்த்தவுடனேயே, லென்ஸை ஒட்டிய எண்ணெயும் மாதிரியின் நீரும் ஒளியை வேறு வேறு அளவில் வளைப்பதால் வந்த கோளப் பிறழ்ச்சி (லென்ஸின் நடுவிலும் ஓரத்திலும் வரும் ஒளி ஒரே இடத்தில் குவியாமை) என்று தெரிந்துவிடும். அன்று நாங்கள் இதையெல்லாம் ஒழுங்காகத்தான் செய்தோம். ஆனால் படத்தின் நடுவில் இருந்த மணிகளை மட்டும் அளந்துவிட்டு, அந்த ஒரே திட்டை முழுப் படத்துக்கும் பயன்படுத்தினோம். தெளிவாக்கப்பட்ட படத்தில், செல்களின் ஓரத்தில் மெல்லிய இழைகள் தெரிந்தன. மூலப்படத்தில் அவை இல்லை. தெளிவாக்கியதால் வெளிப்பட்டவை என்றே மகிழ்ந்தோம். இரண்டு வாரம் அவற்றின் நீளத்தை அளந்துகொண்டிருந்தோம். பிறகு ஒருநாள் உடன் பணிபுரிபவர் ஒருவர் வேறு காரணத்துக்காக வில்லையை 90 பாகை திருப்பி வைத்துப் படமெடுத்தார். செல்கள் திரும்பியிருந்தன, இழைகள் திரும்பவில்லை. எல்லா இழைகளும் முன்போலவே படத்தின் நடுவிலிருந்து வெளிப்புறம் நோக்கியே நீண்டிருந்தன. மூலைகளில் லென்ஸ் புள்ளியை வால்நட்சத்திரம்போல் இழுத்துவிடுகிறது. நடுவில் அளந்த திட்டுக்கு அந்த வாலைப் பற்றி ஒன்றும் தெரியாது. எனவே கணினி வாலையும் பொருளின் பகுதி என்று நம்பி அதைக் கூராக்கிக் கொடுத்திருக்கிறது.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. இடத்துக்கு இடம் மாறும் மங்கலையும் சிக்கனமாகக் கணக்கிட முடியும் என்பதே கடந்த சில பத்தாண்டுகளில் இத்துறை கண்ட நல்ல செய்தி. தங்கள் கட்டுரை இதைத் தொடவே இல்லை. எளிய வழி, படத்தை ஒன்றன்மேல் ஒன்று சற்றுப் படியும் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் அதனதன் திட்டைக் கொடுத்து, எல்லைகளில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் படிப்படியாக மாறச் செய்வது. படிவது போதாவிட்டால் கட்டங்களின் தையல் தெரியும். இதைவிட எனக்குப் பிடித்தது வேறொன்று. படத்தின் பல பத்து இடங்களில் அளந்த திட்டுகளையெல்லாம் அடுக்கி வைத்து, அவை அனைத்தையும் ஏறத்தாழக் கூட்டி உருவாக்கப் போதுமான 5 அல்லது 10 அடிப்படைத் திட்டுகளைப் பிரித்தெடுப்பது. லென்ஸின் குறை படத்தில் மெதுவாக மாறும் என்பதால் இத்தனை சிலவே பெரும்பாலும் போதுமானவையாகிவிடுகின்றன. ஒவ்வோர் அடிப்படைத் திட்டுக்கும் எந்த இடத்தில் எவ்வளவு பங்கு என்ற வரைபடம் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு விரைவு ஃபூரியர் கணக்கு. செலவு 5 மடங்கோ 10 மடங்கோ கூடும். 400 டெராபைட் அட்டவணையோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. எத்தனை திட்டுகளோடு நிறுத்தினோம், விட்டுவிட்டதில் எவ்வளவு ஒளி அடங்கியிருக்கிறது என்று எண்ணாகவே சொல்லிவிட முடியும் என்பதுதான் இதன் சிறப்பு. சுருக்கத்தின் பிழை எவ்வளவு என்று அதுவே தன் கணக்கில் எழுதிவைக்கிறது.

மூன்றாவது வழி, திட்டை விட்டுவிட்டு அதன் காரணத்தை விவரிப்பது. கருவியின் வாயில் ஒளியின் அலைமுகம், அதாவது முன்னேறும் அலையின் முகப்பு, எப்படி வளைந்திருக்கிறது என்பதை, டச்சு இயற்பியலாளர் ஃபிரிட்ஸ் செர்னிக்கே 1934இல் வகுத்த பல்லுறுப்புக் கோவைகளில் ஒன்றிரண்டு டஜன் எண்களால் சொல்லிவிடலாம். அந்த எண்களிலிருந்து ஒரு ஃபூரியர் உருமாற்றமும் ஒரு வர்க்கமும் எடுத்தால் முழுத் திட்டும் வந்துவிடும். அளந்த திட்டில் உள்ள இரைச்சல் (அளவீட்டில் தற்செயலாகச் சேரும் ஏற்ற இறக்கம்) இதில் இராது. ஒளி எதிர்மறையாவது போன்ற அபத்தங்களும் நேராது. ஆனால் அலைமுகத்தில் அடங்காத குறைகள், தூசியில் சிதறும் ஒளி போன்றவை, இதில் விடுபட்டுப்போகும்.

கணினி நிரல் எழுதுபவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. மற்றவர்கள் இப்பத்தியைத் தாண்டிச் செல்லலாம். வித்தியாசத்தைப் பொருளின் பக்கம் திருப்பிக் கொண்டுபோகும் கணக்கு, மங்கலாக்கும் கணக்கின் மிகச் சரியான இடமாற்றாக இருக்க வேண்டும். மங்கல் இடத்துக்கு இடம் மாறும்போது திட்டைத் தலைகீழாகத் திருப்பினால் மட்டும் இது கிடைத்துவிடாது. பங்கு வரைபடத்தால் பெருக்குவது முன்னா பின்னா என்பதும் மாற வேண்டும். குத்துமதிப்பான இரண்டு படங்களை எடுத்து, முதலாவதை மங்கலாக்கி இரண்டாவதோடு பெருக்கிக் கூட்டுங்கள். இரண்டாவதைத் திருப்பிக் கொண்டுபோய் முதலாவதோடு பெருக்கிக் கூட்டுங்கள். இரண்டு விடைகளும் ஒன்றாக இல்லாவிட்டால் நிரலில் பிழை. பத்து வரிச் சோதனைதான். இதைச் செய்யாமல் வெளியிடப்பட்ட நிரலோடு நான் கழித்த நாட்கள் பல.

மங்கலைச் சரியாக விவரிப்பதால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஹபிளைவிடச் சிறந்த சான்று இல்லை. 1990 ஏப்ரலில் ஏவப்பட்ட அத்தொலைநோக்கியின் முதன்மை ஆடி, விளிம்பில் ஏறத்தாழ 2.2 மைக்ரான் தட்டையாக மெருகேற்றப்பட்டிருந்தது; மெருகேற்றும்போது அதைச் சோதித்த கருவியில் ஒரு லென்ஸ் 1.3 மில்லிமீட்டர் தள்ளிப் பொருத்தப்பட்டிருந்ததே காரணம். நடுப்பொட்டில் 70 சதவீத ஒளி குவிய வேண்டிய இடத்தில் ஏறத்தாழ 15 சதவீதமே குவிந்தது. அடுத்த மூன்று ஆண்டுகள் வானியலாளர்கள் ரிச்சர்ட்சன்-லூசி போன்ற முறைகளை வைத்துச் சமாளித்தார்கள். கோள்களுக்கும் பிரகாசமான விண்மீன்களுக்கும் அது நன்றாகவே உதவியது. மங்கலான விண்மீன் மண்டலங்களுக்கு உதவவில்லை, ஏனென்றால் பரவிப்போன ஒளி இரைச்சலில் மூழ்கிவிட்டால் எந்தக் கணக்காலும் அதை மீட்க முடியாது. அதே காலத்தில் மற்றொரு வேலையும் நடந்தது. குவியத்தை வேண்டுமென்றே விலக்கி எடுத்த விண்மீன் படங்களின் மங்கலை ஆராய்ந்து, ஆடியின் வடிவத்தைக் குறிக்கும் வளைவு எண், இருக்க வேண்டிய -1.0023க்குப் பதிலாக -1.0139 அளவில் இருக்கிறது என்று கணக்கிட்டார்கள். பூமியில் பாதுகாத்து வைத்திருந்த சோதனைக் கருவியை அளந்தபோதும் இதோடு ஒத்துப்போகும் விடையே கிடைத்தது. 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் எடுத்துச்சென்று பொருத்திய திருத்தும் ஒளியியல், இந்த எண்ணை வைத்து வடிவமைக்கப்பட்டதுதான்.

தவறான விவரிப்பின் விளைவு மருத்துவத்தில் இன்னும் கூர்மையாகத் தெரியும். உடலில் செலுத்திய கதிரியக்க மருந்து எங்கே எவ்வளவு சேர்கிறது என்று காட்டும் பெட் ஸ்கேன் படங்களை உருவாக்கும்போது கருவியின் மங்கலையும் கணக்கில் சேர்த்தால் படம் கூராகிறது. கூடவே விளிம்புகளில் ஒளி தேவைக்கு மேல் எகிறவும் செய்கிறது. சிறிய கட்டியில் எல்லா விளிம்பும் நடுவுக்கு அருகிலேயே இருப்பதால், அந்த எகிறல்கள் நடுவில் சேர்ந்து, கட்டி மருந்தை உள்ளதைவிடக் கூடுதலாக ஏற்றதுபோல் காட்டும். ஒருவருக்கு முதல் ஸ்கேன் இந்தக் கணக்கு இல்லாமலும் அடுத்தது இதனோடும் எடுக்கப்பட்டால், இரண்டுக்கும் இடையே தெரியும் ஏற்றம் நோயால் வந்ததா கணக்கால் வந்ததா என்று எண்ணைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. தங்கள் கட்டுரை பெரிதும் புகழ்ந்த நரம்பியல் வலையமைப்புகளுக்கும் (எடுத்துக்காட்டுகளைப் பார்த்துக் கற்கும் கணினி முறைகளுக்கும்) இது பொருந்தும். அவற்றில் பல, தெளிவான படங்களைக் கணினியிலேயே மங்கலாக்கி உருவாக்கிய இணைகளை வைத்துப் பயிற்றுவிக்கப்படுகின்றன. மங்கலாக்கப் பயன்படுத்திய திட்டு எந்த அளவுக்கு உண்மைக் கருவியோடு ஒத்திருக்கிறதோ அந்த அளவுக்குத்தான் பயிற்சியும் செல்லும். பழைய முறைகள் தவறினால் வளையங்களும் வால்களும் தெரிந்து பிழையைக் காட்டிக்கொடுத்துவிடும். இவையோ தவறினாலும் அழகான படத்தையே தருகின்றன.

கடைசியாக, கட்டுரையுடன் அச்சான படத்துக்கு வருகிறேன். அதில் நடுவில் உள்ள ஒளிப்பொட்டுகள் உருண்டையாக இருக்கின்றன. மேல் வலது மூலையில் உள்ள பொட்டுகளையும் கீழ் இடது மூலையில் உள்ளவற்றையும் உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டு பாருங்கள்; ஒவ்வொன்றும் வெளிப்புறம் நோக்கி ஒரு சிறு வால் கொண்டிருக்கிறது, வாலின் எதிர்ப்பக்கத்தில் ஒரு கருந்தடமும் தெரிகிறது. படக்குறிப்பு அந்த வால்களை "முன்பு காண முடியாதிருந்த நுண்ணிழைகள்" என்கிறது. அவை இழைகளாகவே இருக்கவும் கூடும். மூலப்படத்தையும், மங்கலை எத்தனை இடங்களில் அளந்தார்கள் என்ற ஒரு வரியையும் அதே பக்கத்தில் அச்சிட்டிருந்தால், வாசகர்களே அதைத் தீர்மானித்திருக்கலாம். அப்படத்தை உருவாக்கியவர்களிடம் இவ்விரண்டையும் கேட்டுப் பெற்று, வரும் வாரத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். வில்லையைத் திருப்பி வைத்து எடுத்த படம் ஒன்றும் அவர்களிடம் இருந்தால், அதையும் சேர்த்து.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்